பாதிப் பாட்டில் நின்றுவிடும் எச்.எம்.வி. 101 கிராமபோன்: பழைய உறுப்புகளை எங்கே தேடுவது?

கேள்வி (கீழக்கரையிலிருந்து)

அனைவருக்கும் வணக்கம்.

எங்கள் வீட்டு மச்சில் முப்பது ஆண்டுகளுக்கும் மேலாகச் சாக்கில் கட்டிக் கிடந்த கிராமபோன் பெட்டியைச் சென்ற மாதம் கீழே இறக்கினேன். வாப்பாவின் (அப்பாவின்) வாப்பா கொழும்பில் கடை நடத்திய காலத்தில் வாங்கியது. தலைமன்னாரில் கப்பலேறித் தனுஷ்கோடியில் இறங்கி, ரயிலில் இராமநாதபுரம் வந்து, அங்கிருந்து மாட்டு வண்டியில் ஊர் சேர்ந்தது என்று வீட்டில் பெரியவர்கள் சொல்வார்கள். கறுப்பு ரெக்சின் ஒட்டிய கைப்பெட்டி. மூடியைத் திறந்தால் நாய்ப் படம். சாவி போடும் துளை பக்கவாட்டில் இருக்கிறது. படங்களோடு ஒப்பிட்டுப் பார்த்ததில், 1925 முதல் 1931 வரை விற்பனையில் இருந்த எச்.எம்.வி. (ஹிஸ் மாஸ்டர்ஸ் வாய்ஸ்) 101 என்ற முடிவுக்கு வந்திருக்கிறேன். இதனுடன் நாற்பது இசைத்தட்டுகளும் இருக்கின்றன; அவற்றுள் பல சென்னை சரஸ்வதி ஸ்டோர்ஸ் வெளியிட்ட ஒடியன் தட்டுகள்.

சாவி கொடுத்தால் பத்துப் பன்னிரண்டு சுற்றுக்குள் பெட்டிக்குள்ளே 'டப்' என்று ஓர் அடி விழுகிறது. பிறகு தட்டு சுற்றத் தொடங்கினாலும் பாட்டின் நடுவிலேயே வேகம் குறைந்து, குரல் தடித்து, நின்றுவிடுகிறது. ஓடும் அந்தச் சிறிது நேரத்திலும் சுரம் ஒரே நிலையில் நிற்காமல் அலைகிறது. ஊசியின் அதிர்வை ஒலியாக்கும் சவுண்டு பாக்ஸின் பின்புற ரப்பர் கருங்கல்லைப் போல இறுகிவிட்டது; உள்ளே இருக்கும் மைக்காத் தகட்டின் ஓரம் வெங்காயத் தோல் போல உரிந்திருக்கிறது. உலோகத்தில் நிக்கல் முலாம் பூசிய இடமெல்லாம் பச்சையும் பழுப்புமாகப் புள்ளிகள். மூடியின் இடப்பக்கக் கொக்கியைக் காணவில்லை. சிறு தகரப் பெட்டியில் இருந்த ஊசிகள் துருவேறி ஒன்றோடொன்று ஒட்டிக்கொண்டிருக்கின்றன.

ஒரு தவற்றையும் சொல்லிவிட வேண்டும். தட்டு ஒன்றில் பூஞ்சை படிந்திருந்ததால் கை கழுவும் சானிடைசரைப் பஞ்சில் நனைத்துத் துடைத்தேன். துடைத்த இடம் உடனே மங்கிப் பிசுபிசுத்தது, பஞ்சு கறுப்பாயிற்று. அந்தத் தட்டு போனதுதானா?

பழம்பொருள் வாங்கும் ஒருவரிடம் பெட்டியைக் காட்டியபோது, "ஸ்பிரிங், சவுண்டு பாக்ஸ் எல்லாவற்றையும் மாற்ற வேண்டும், அதைவிட மோட்டாரைக் கழற்றிப் புதிய மரப்பெட்டியில் வைத்துப் பித்தளைக் குழல் பூட்டித் தருகிறேன், பார்ப்பதற்கு அழகாக இருக்கும்" என்றார். எனக்கு அதில் மனமில்லை. அந்தக் காலத்து உறுப்புகளையே தேடிப் பூட்டி, என் வாப்பா சிறு வயதில் கேட்ட அதே பெட்டியாக இதை மீண்டும் பாட வைக்க விரும்புகிறேன். எங்கே தேடுவது, எதிலிருந்து தொடங்குவது என்று அனுபவமுள்ளவர்கள் வழிகாட்ட வேண்டும்.

மறுமொழி 1 (இராமநாதபுரம், அரண்மனைப் பகுதியிலிருந்து)

தம்பி, நாற்பது ஆண்டுகள் கடிகாரம் பழுது பார்த்தவன் என்ற முறையில் எழுதுகிறேன். கிராமபோன் மோட்டார் என்பது பெரிய சுவர்க் கடிகாரத்தின் உடன்பிறப்பு. இரண்டுக்கும் உயிர் ஸ்பிரிங்கில் இருக்கிறது. உறுப்பு தேடுவதற்கு முன்னால் எது கெட்டிருக்கிறது, எது அழுக்கால் இறுகியிருக்கிறது என்பதைப் பிரித்துப் பார்க்க வேண்டும். நீங்கள் எழுதியிருப்பதை வைத்துப் பார்த்தால், உங்கள் மோட்டாரில் மாற்ற வேண்டிய உறுப்பு ஒன்றுகூட இல்லாமல் போகவும் வாய்ப்பு உண்டு.

அந்த 'டப்' ஓசை பெரும்பாலும் ஸ்பிரிங் உடைந்ததற்கு அடையாளம் ஆகாது. உடைந்த ஸ்பிரிங் சாவியே ஏற்காது. கை கொடுத்துக்கொண்டே இருக்கலாம், இழுவை இருக்காது. உங்கள் பெட்டி சாவி ஏற்கிறது, சிறிது ஓடவும் செய்கிறது. ஸ்பிரிங் அடங்கியிருக்கும் டிரம்முக்குள் அதன் சுருள்களுக்கு இடையே பூசியிருந்த கிராபைட் கிரீஸ் பல பத்தாண்டுகளில் தார்போல இறுகி, சுருள்களை ஒன்றோடொன்று ஒட்டிவிடும். சாவி கொடுக்கும்போது ஒட்டியிருந்த சுருள்கள் திடீரென்று விடுபடுவதால் அந்த அடி கேட்கிறது. விடுபடாத சுருள்களில் உள்ள விசை தட்டுக்கு வந்து சேர்வதில்லை. அதனால்தான் பாதியில் நிற்கிறது. இன்னொரு சாத்தியம், ஸ்பிரிங்கின் வெளிமுனை டிரம்மின் கொக்கியிலிருந்து நழுவுவது. எதுவாக இருந்தாலும் டிரம்மைத் திறந்து பார்த்தே தீர வேண்டும்.

திறப்பதற்கு முன் ஒன்றைக் கண்டிப்பாகச் செய்யுங்கள். பிரேக்கை விடுவித்து, சுழல்தட்டு தானாக ஓய்ந்து நிற்கும் வரை ஓட விடுங்கள். அது நின்ற பிறகும் ஸ்பிரிங்கில் மிச்ச விசை இருக்கும். சாவியைக் கையால் இறுகப் பிடித்துக்கொண்டு, பின்னோக்கித் திரும்பாமல் தடுக்கும் பல்லை மெல்ல விலக்கி, சாவியைக் கொஞ்சம் கொஞ்சமாகப் பின்னே விட்டு அந்த மிச்சத்தையும் இறக்கிவிடுங்கள். விசையோடு டிரம்மைத் திறந்த ஒருவருடைய கட்டைவிரலில் எலும்பு தெரிய வெட்டு விழுந்ததை நான் பார்த்திருக்கிறேன். முதல் முறை என்றால் தனியாகச் செய்ய வேண்டாம். தடித்த தோல் கையுறையும் கண்ணாடியும் இல்லாமலும் செய்ய வேண்டாம்.

ஸ்பிரிங்கை நடுவிலிருந்து ஒவ்வொரு சுற்றாக வெளியே விட்டு, மண்ணெண்ணெயில் ஊற வைத்து, பழைய கிரீஸ் முழுவதையும் துணியால் துடைத்தெடுங்கள். பிறகு பகல் வெளிச்சத்தில் முழு நீளத்தையும் பாருங்கள். வெளிமுனையின் துளைக்கு அருகில் விரிசல் இருந்தால் கவலை இல்லை: அந்த நுனியை வெட்டிவிட்டு, புதிய நுனியை மட்டும் பழுக்கக் காய்ச்சி, மெதுவாக ஆறவிட்டு மென்மையாக்கிப் புதுத் துளை போட்டால் போதும். மூன்று நான்கு அங்குலம் குறைவதால் ஓட்டத்தில் பெரிய இழப்பு வராது. நடுவில் உடைந்திருந்தால் மட்டுமே வேறு ஸ்பிரிங் தேட வேண்டும். ரிவெட் அடித்து இணைப்பது நிலைக்காது. தேடும்போது அகலம், தடிப்பு, நீளம், இரு முனைகளின் அமைப்பு ஆகிய நான்கையும் எழுதி வைத்துக்கொண்டு தேடுங்கள். "101-க்கு ஸ்பிரிங் வேண்டும்" என்று மட்டும் கேட்டால் கையில் இருப்பதைத் தந்து அனுப்பிவிடுவார்கள். சுவர்க் கடிகார ஸ்பிரிங்கை வைத்து ஒப்பேற்றலாம் என்று யாராவது சொன்னால் கேட்காதீர்கள். அதன் அகலம் போதாது.

சுரம் அலைவதற்குக் காரணம், வேகத்தைச் சீராக வைக்கும் கவர்னர். மூன்று சிறிய எடைக்குண்டுகள் மூன்று மெல்லிய பட்டை ஸ்பிரிங்குகளில் பூட்டப்பட்டு வேகமாகச் சுழலும். வேகம் கூடினால் குண்டுகள் வெளியே விரிந்து ஒரு வட்டத்தகட்டை இழுக்கும். அந்தத் தகடு ஒரு சிறிய தோல் அல்லது கம்பளித் துண்டில் உரசி வேகத்தை அடக்கும். இந்தத் துண்டு காய்ந்தால் தகடு அதிரும்; மூன்று பட்டைகளில் ஒன்று வளைந்தால் குண்டுகளின் சமநிலை கெடும். துண்டில் ஒரு சொட்டு எண்ணெய் விட்டுப் பாருங்கள். பட்டை கெட்டிருந்தால் ஒன்றை மட்டும் மாற்றாமல் ஒரே தடிப்புள்ள மூன்றையும் சேர்த்து மாற்றுங்கள்.

எண்ணெய் என்றதும் வீட்டில் இருக்கும் தேங்காயெண்ணெயை விட்டுவிடாதீர்கள். என்னிடம் வந்த பழைய பெட்டிகளில் பாதிக்கு மேல் தேங்காயெண்ணெயால் இறுகியவைதான். பேரிங்குகளுக்குத் தையல் மிஷின் எண்ணெய், பற்சக்கரங்களுக்கு மெல்லிய கிரீஸ், ஸ்பிரிங்குக்கு வாசலினில் குழைத்த கிராபைட் பொடி. இவை போதும்.

எல்லாம் பூட்டிய பிறகு சுழல்தட்டின் ஓரத்தில் ஒரு காகிதத் துண்டைச் செருகி, ஒரு நிமிடத்துக்கு எத்தனை சுற்று என்று எண்ணுங்கள். 78 வர வேண்டும். ஊசி தட்டின் மேல் இருக்கும்போது எண்ண வேண்டும் என்பதை மறக்காதீர்கள். ஊசியின் உரசல் வேகத்தைச் சற்றுக் குறைக்கும். பத்து அங்குலத் தட்டின் ஒரு பக்கம் ஏறத்தாழ மூன்று நிமிடம். அந்தப் பக்கம் முழுவதையும் ஒரு சாவியில் தளராமல் ஓட்டினால் உங்கள் ஸ்பிரிங் நலமாக இருக்கிறது என்று பொருள்.

மறுமொழி 2 (தங்கச்சிமடத்திலிருந்து)

மேலே ஐயா எழுதியதில் சேர்ப்பதற்கு ஒன்று உண்டு, அது உப்பு. கரையோரத்தில் இருப்பவர்களுக்கு இது தனிப் பாடம்.

எங்கள் குடும்பத்துப் பெட்டி 1964 டிசம்பர் புயலில் பாம்பன் வீட்டுக்குள் புகுந்த கடல்நீரில் ஒரு நாள் முழுக்கக் கிடந்தது. அப்பா அதை வெயிலில் காயவைத்து, எண்ணெய் பூசி எடுத்து வைத்தார். நான் பல ஆண்டுகள் கழித்துத் திறந்தபோது எண்ணெய்க்கு அடியிலேயே துரு தின்றிருந்தது. விசைப்படகு எஞ்சின் வேலை செய்பவன் என்பதால் காரணம் புரிந்தது. துருவின் நுண்ணிய ஓட்டைகளுக்குள் உப்பு தங்கிவிட்டால், மேலே எத்தனை எண்ணெய் பூசினாலும் காற்றின் ஈரத்தை அது இழுத்துக்கொண்டே இருக்கும். ஆகவே முதலில் உப்பை வெளியேற்ற வேண்டும். எண்ணெய் அதற்குப் பிறகுதான்.

தம்பியின் பெட்டி கடலில் மூழ்கவில்லை என்றாலும், கச்சான் காற்று வீசும் மாதங்களில் கீழக்கரையில் சன்னல் கம்பியைத் தொட்டாலே கையில் உப்புக் கரிக்கும். அந்தக் காற்றில் முப்பது ஆண்டு என்பது சிறு காலம் இல்லை. மோட்டாரின் இரும்பு உறுப்புகளைக் கழற்றி, கிரீஸ் நீக்கி, நல்ல நீரில் ஊற வைத்து, நாள்தோறும் நீரை மாற்றி நான்கைந்து நாள் கழுவுங்கள். இங்கே கவனிக்க வேண்டியது நீர். நம் பகுதிக் கிணறுகள் பலவற்றின் நீரே உவர்ப்பு. அதில் ஊற வைப்பதால் பயனில்லை. பிடித்து வைத்த மழைநீரையோ பேட்டரிக்கு ஊற்றும் காய்ச்சி வடித்த நீரையோ பயன்படுத்துங்கள். நீரிலிருந்து எடுத்த உடனே துடைத்து, வெயிலில் நன்றாகச் சூடேற்றி, சூடு ஆறுவதற்குள் எண்ணெய் பூசிவிடுங்கள். ஈரத்தோடு ஒரு மணி நேரம் விட்டாலும் புதுத் துரு பிடித்துவிடும். ஸ்பிரிங்கை இப்படி ஊற வைக்க வேண்டாம். அதற்கு ஐயா சொன்ன மண்ணெண்ணெய்க் குளியலே போதும். மரப்பெட்டியிலும் ரெக்சினிலும் தண்ணீரே படக்கூடாது. பிழிந்த துணியால் துடைத்தால் போதும்.

சவுண்டு பாக்ஸைத் தாங்கும், முலாம் பூசிய டோன் ஆர்மையும் சாவியையும் பார்த்து வீட்டில் யாராவது புளி போட்டுத் தேய்த்துவிடப் போகிறார்கள். குத்துவிளக்கு வேறு, இது வேறு. நிக்கல் முலாம் மிக மெல்லியது. புளியின் அமிலம் புள்ளி விழுந்த இடங்களின் வழியே உள்ளே இறங்கி, மிச்சமிருக்கும் முலாமையும் கிளப்பிவிடும். துளி எண்ணெயும் மென்மையான துணியுமே போதும். கறை கொஞ்சம் எஞ்சினால் எஞ்சட்டும்.

திருகுகளைப் பற்றியும் சொல்ல வேண்டும். ஒரு திருகு தொலைந்தால் கடையில் கிடைக்கும் மெட்ரிக் திருகை முறுக்கி ஏற்றாதீர்கள். அது அந்தக் காலத்து ஆங்கிலேய மரைக்குப் பொருந்தாது. துளையின் மரையையே அழித்துவிடும். மண்டபத்திலும் இராமேஸ்வரத்திலும் படகு வேலை செய்யும் லேத்துப் பட்டறைகள் இருக்கின்றன. கூடவே இருக்கும் நல்ல திருகு ஒன்றை மாதிரியாகக் கொடுத்தால் கைதேர்ந்தவர்கள் அதேபோல் கடைந்து தருவார்கள். என் பெட்டியின் இரண்டு திருகுகளும் சுழல்தட்டுத் தண்டின் அடித் தாங்கியும் அப்படிச் செய்தவைதான். அவை மூல உறுப்புகள் இல்லை என்று எனக்குத் தெரியும். ஆனால் அவற்றால் மூல மோட்டார் ஓடுகிறது.

பழுது முடிந்த பிறகு மச்சில் வைக்காதீர்கள். சிலிக்கா ஜெல் பொட்டலங்களோடு பீரோவுக்குள் வைத்து, ஐப்பசி கார்த்திகையில் மழை பிடித்துக்கொள்ளும்போது அவற்றைச் சூடாக்கி மீண்டும் வையுங்கள். மூடி வைக்கும் பெட்டியில் சாவி ஏற்றிய நிலையில் ஸ்பிரிங்கை விடாதீர்கள்.

கேட்டவர் (கீழக்கரை)

ஐயாவுக்கும் தங்கச்சிமடத்து அண்ணனுக்கும் மிக்க நன்றி. நீங்கள் சொன்னபடியே சாவியை இறக்கி, ஊரில் மோட்டார் பழுது பார்க்கும் எங்கள் காக்கா (அண்ணன்) ஒருவரின் உதவியோடு டிரம்மைத் திறந்தோம். உள்ளே கிரீஸ் காய்ந்த நிலக்கீல் போலிருந்தது. ஸ்பிரிங் முழுதாக இருக்கிறது. வெளிமுனைத் துளையில் மட்டும் ஒரு மயிரிழை விரிசல். ஒன்றரை அங்குலம் வெட்டிப் புதுத் துளை போட்டாயிற்று. கவர்னரின் தோல் துண்டு கல்லாகக் கிடந்தது. எண்ணெய் விட்டும் இளகாததால் பழைய தோல் செருப்பிலிருந்து ஒரு துண்டு நறுக்கி வைத்தோம். இப்போது 'டப்' இல்லை. ஊசி வைக்காமல் நான்கு நிமிடத்துக்கு மேல் ஓடுகிறது.

ஆனால் சவுண்டு பாக்ஸ்தான் இன்னும் தொல்லை. ஊசியைத் தட்டில் வைத்தால் குரலோடு தகரம் அதிர்வது போன்ற ஓர் ஓசை. அதையும் நானே திறக்கலாமா, அல்லது வேறு மூல சவுண்டு பாக்ஸ் வாங்குவது நல்லதா? பித்தளைக் குழல் பூட்டித் தருவதாகச் சொன்னவர் மறுபடியும் தொலைபேசியில் கேட்டார்; அதைப் பற்றியும் கருத்துச் சொல்லுங்கள்.

மறுமொழி 3 (தொண்டியிலிருந்து)

இருபது ஆண்டுகளாகக் கிராமபோன் பெட்டிகளையும் தட்டுகளையும் சேர்த்து வருகிறேன். கடைசிக் கேள்விக்கு முதலில் பதில் சொல்லிவிடுகிறேன்: பெட்டியைக் கொடுக்காதீர்கள்.

சுற்றுலா ஊர்களின் கடைகளில் பளபளக்கும் பித்தளைக் குழலோடு நிற்கும் "பழைய" கிராமபோன்களை எல்லோரும் பார்த்திருப்போம். அவற்றுள் பெரும்பாலானவற்றின் பெட்டி புதிது, குழல் புதிது, முகப்பில் உள்ள நாய்ப் படத் தகடும் புதிது. உள்ளே இருக்கும் மோட்டார் மட்டும் பழையது. அந்த மோட்டார் எங்கிருந்து வருகிறது? உங்களுடையதைப் போன்ற கைப்பெட்டிகளின் வயிற்றிலிருந்துதான். இங்கிலாந்தின் ஹேய்ஸ் ஆலையில் செய்து, கடல் கடந்து, மூன்று தலைமுறை வாழ்ந்த ஒரு பெட்டியைக் கொன்று, எந்தக் காலத்திலும் இருந்திராத ஒரு பொருளை அதிலிருந்து செய்கிறார்கள். 101 தன் ஒலிக்குழலைப் பெட்டிக்குள்ளேயே மறைத்து வைத்திருக்கும் கருவி. திறந்த மூடியே ஒலியைக் கேட்பவர் பக்கம் திருப்பிவிடுகிறது. அதற்கு வெளிக்குழல் பூட்டுவது கருவியின் அமைப்பையே அறியாத செயல். இதை நான் வருத்தத்தோடுதான் எழுதுகிறேன். என் கண் முன்னாலேயே ஐந்தாறு நல்ல பெட்டிகள் இப்படிப் போயிருக்கின்றன.

உறுப்பு தேடுவோர் அறிய வேண்டிய வழியும் இதிலேயே இருக்கிறது. மோட்டார் எடுக்கப்பட்டபின் மிஞ்சும் மூடி, கொக்கி, டோன் ஆர்ம், சவுண்டு பாக்ஸ் ஆகியவை பழைய இரும்புக் கடைகளிலும் பழம்பொருள் கடைகளின் பின்கட்டுகளிலும் குவிந்து கிடக்கும். நமக்கு அருகில் காரைக்குடி முனீஸ்வரன் கோயில் தெருவை ஒருமுறை பொறுமையாக நடந்து பாருங்கள். முகப்பில் வைத்திருப்பதைக் கேட்காமல், "உடைந்த கைப்பெட்டி இருக்கிறதா" என்று கேளுங்கள். மும்பை சோர் பஜாரின் மட்டன் தெருவில் தனி உறுப்புகள் கிடைக்கும். ஆனால் அங்கே பழையதும் புதிதும் ஒரே கூடையில் கிடப்பதால் பார்த்து வாங்கத் தெரிய வேண்டும். சென்னை மூர் மார்க்கெட் 1985-இல் எரிந்து போகாமல் இருந்திருந்தால் உங்களை நேராக அங்கேதான் அனுப்பியிருப்பேன். தனி உறுப்பாக வாங்குவதைவிட, இதே 101-இன் முற்றிலும் சிதைந்த பெட்டி ஒன்றை முழுதாக வாங்குவது மேல். விலை ஏறத்தாழ ஒன்றாகவே வரும். கொக்கி, திருகு, பட்டை ஸ்பிரிங் எல்லாம் ஒரே இடத்தில் பொருத்தமாகக் கிடைத்துவிடும். வாங்கும் பெட்டி ஓட வேண்டியதில்லை. ஓடும் பெட்டியைப் பிரித்து உறுப்பு எடுப்பதை மட்டும் யாரும் செய்ய வேண்டாம்.

இனி சவுண்டு பாக்ஸ். உங்களிடம் இருப்பது மூல உறுப்பு என்பதால் வேறு வாங்க அவசரப்படாதீர்கள். பழைய பெயரோடு புதிதாக வார்த்து விற்கப்படுபவை ஏராளம். எழுத்தின் விளிம்பு மழுங்கியிருக்கும், எடை மாறுபடும், ஒலி சப்பையாக இருக்கும். முதலில் பாக்ஸின் பின்புறத்தை உருப்பெருக்கிக் கண்ணாடியில் பாருங்கள். அக்காலத்தில் இத்தகைய உறுப்புகள் பலவற்றைத் துத்தநாகக் கலவையில் வார்த்தார்கள். கலவையில் ஈயம் போன்ற மாசு சிறிது கலந்திருந்தால், வெப்பமும் ஈரமும் சேரும்போது உலோகம் உள்ளிருந்தே அரிக்கப்பட்டு, வீங்கி, சிலந்தி வலை போல வெடிக்கும். அப்படி வெடித்திருந்தால் அதை ஒட்டவோ பற்றவைக்கவோ இயலாது. பின்பாகத்தை மட்டும் மாற்ற வேண்டியிருக்கும். வெடிப்பு இல்லையென்றால் உங்கள் பாக்ஸ் பிழைக்கும். டோன் ஆர்மிலிருந்து அதை எடுக்கும்போது வலிந்து திருகாமல், தலைமுடி காயவைக்கும் கருவியால் இளஞ்சூடு காட்டி ரப்பரை இளக்கி எடுங்கள்.

தகர ஓசைக்குக் காரணம் பெரும்பாலும் ரப்பர் வளையங்கள். மைக்காவின் முன்னும் பின்னும் ஒவ்வொரு மெல்லிய ரப்பர்க் குழாய் வளையம் இருக்கும். மைக்கா அந்த இரு மெத்தைகளுக்கு நடுவே மிதக்க வேண்டும். வளையங்கள் இறுகினால் மைக்கா உலோகத்தில் இடித்து இரைகிறது. முன்பெல்லாம் சைக்கிள் வால்வ் டியூபை நறுக்கி வைப்பார்கள். ஒலி நன்றாகவே இருக்கும், ஆனால் நம் கரையின் வெக்கையில் இரண்டு மூன்று ஆண்டுகளில் அதுவும் இறுகிவிடுகிறது. அதே பருமனுள்ள மெல்லிய சிலிக்கோன் குழாய் நீண்ட காலம் தாங்கும். வளையத்தின் இரு முனைகளும் இடைவெளியின்றி, ஒன்றன்மேல் ஒன்று ஏறாமல் தொட வேண்டும். முன் வளையத்தின் இணைப்பும் பின் வளையத்தின் இணைப்பும் எதிரெதிர்ப் பக்கங்களில் இருக்கட்டும். இதற்கு நான் ஒரு மாலை முழுவதையும் செலவிடுவதுண்டு.

மைக்காவின் ஓரம் மட்டும் உரிந்திருந்தால், உரிந்த பகுதி வளையத்துக்குள் மறைந்துவிடும்; அதையே வைத்துக்கொள்ளுங்கள். நடுப்பகுதி வரை வெளுத்து அடுக்குவிட்டிருந்தால் மட்டும் மாற்றுங்கள். மாற்றுவதற்கு இஸ்திரிப் பெட்டிக்கு விற்கும் மைக்காவை வாங்காதீர்கள். அது பெரும்பாலும் மைக்காத் தூளை அழுத்திச் செய்த தாள், குரலை விழுங்கிவிடும். ஒரே படலமாகப் பிளந்தெடுத்த, ஒளி ஊடுருவும் மைக்கா வேண்டும். ஜார்க்கண்டின் கோடர்மாவிலிருந்து உலகுக்கெல்லாம் போன பொருள் அது. ஊசியைப் பிடித்திருக்கும் கம்பியின் நுனி மைக்காவின் நடுத்துளையில் சேரும் இடத்தைச் சிறு துளி தேன்மெழுகால் அடைக்க வேண்டும். அப்படிச் சேர்க்கும்போது கம்பி மைக்காவைத் தள்ளவும் கூடாது, இழுக்கவும் கூடாது. அவ்விடத்துத் திருகைத் தளர்த்தினால் மைக்கா தன் இடத்திலிருந்து சற்றும் அசையாமல் இருப்பதே சரியான நிலை. உங்கள் பெட்டியின் குரல் எப்படி இருக்கும் என்பதை இந்த ஓர் இடம்தான் முடிவு செய்கிறது.

ஊசி பற்றி: துருவேறிய ஊசிகளைத் தொடாதீர்கள், தகரப் பெட்டியை மட்டும் நினைவாக வைத்துக்கொள்ளுங்கள். புதிய எஃகு ஊசிகள் இன்றும் செய்யப்படுகின்றன. இதில் மட்டும் பழையதைத் தேடி அலைய வேண்டியதில்லை. ஒரு பக்கத்துக்கு ஓர் ஊசி என்ற கணக்கிலிருந்து மாறாதீர்கள். அரக்குத் தட்டின் கலவையில் கல்தூள் சேர்த்திருப்பதால் ஊசி தேய்ந்து பள்ளத்தின் வடிவத்துக்கு இணங்கிவிடும். அப்படித் தேய்ந்த ஊசியை மறுபக்கத்திலும் ஓட்டினால் அதன் கூர் விளிம்பு உளியைப் போலத் தட்டைச் செதுக்கும். அக்காலத்தில் மூங்கில் ஊசியும் முள் ஊசியும்கூடப் பயன்பட்டன. நான் நம் ஊர்க் கருவேல முள்ளைச் சீவி ஓட்டிப் பார்த்திருக்கிறேன்; தட்டுக்கு நல்லது, குரலும் மென்மையாக வருகிறது, ஆனால் ஒரு பக்கம் முடிவதற்குள் நுனி மழுங்கிவிடுகிறது. சவுண்டு பாக்ஸின் எடை நூறு கிராமுக்கு மேல் அழுத்துவதால் வினைல் எல்.பி. தட்டுகளை இதில் வைக்கவே வைக்காதீர்கள். ஒரே ஓட்டத்தில் பாழாகும்.

சானிடைசர் பட்ட தட்டைப் பற்றி மனம் வருந்தியிருக்கிறீர்கள். தட்டின் கலவையைப் பிணைத்து வைத்திருப்பது அரக்கு. அரக்கு ஆல்கஹாலில் கரையும். துடைத்த இடம் திரும்பாது. ஆனால் அந்த இடத்தைத் தாண்டி மற்றப் பகுதி பாடும், தூக்கி எறியாதீர்கள். மற்றத் தட்டுகளை இளஞ்சோப்பு நீரில் நனைத்துப் பிழிந்த மென்மையான துணியால் பள்ளங்களின் போக்கிலேயே துடைத்து, நடுவிலுள்ள தாளில் ஈரம் படாமல், நிழலில் நிறுத்தி உலர்த்துங்கள். வெயிலில் வைத்தால் அப்பளம் போல வளைந்துவிடும்.

கேட்டவர் (கீழக்கரை)

மூன்று வாரம் கழித்து எழுதுகிறேன். தொண்டி அண்ணன் சொன்னபடி சவுண்டு பாக்ஸின் பின்புறத்தைப் பார்த்ததில் வெடிப்பு ஏதுமில்லை. சிலிக்கோன் வளையங்கள் வைத்தேன். முதல் இரண்டு முறை முனைகள் சரியாகச் சேராமல் மூன்றாம் முறை அமைந்தது. மைக்கா பழையதுதான். தேன்மெழுகு வைத்த பிறகு தகர ஓசை நின்றுவிட்டது. புதிய ஊசி போட்டு, காகிதத் துண்டு செருகி எண்ணியதில் முதலில் 74 வந்தது. வேகத் திருகைச் சற்றுத் திருப்பி 78-க்குக் கொண்டுவந்தேன். பத்து அங்குல ஒடியன் தட்டு ஒன்றின் முழுப் பக்கமும் ஒரு சாவியில் ஓடி முடிந்தது. வாப்பா பக்கத்து அறையில் இருந்தவர், எதுவும் கேட்காமல் வந்து நாற்காலியை இழுத்துப் போட்டு உட்கார்ந்து, மறுபக்கத்தையும் போடச் சொன்னார்.

பித்தளைக் குழல்காரரிடம் வேண்டாம் என்று சொல்லிவிட்டேன். அடுத்த வெள்ளிக்கிழமைக்கு மறுநாள் காரைக்குடிக்குப் போகிறேன். மூடியின் இடப்பக்கக் கொக்கி மட்டுமே இனித் தேவை. வலப்பக்கக் கொக்கியைக் கழற்றி அளவெடுத்துக் கையோடு எடுத்துச் செல்கிறேன். இதைப் படிப்பவர்களில் யாரிடமாவது சிதைந்த 101 மூடி இருந்தால், அந்தக் கொக்கியை மட்டும் எனக்காக எடுத்து வையுங்கள்.